மைனர் யார்?

தமிழில் வந்து கலந்த பிறமொழிச் சொற்களுள் "மைனர்" என்னும் சொல்லைப்போல் நிலை தடுமாறிய சொல் பிறிதொன்று இருத்தல் அரிது. சட்ட நூலில் அதற்குப் பொருள், உரிய வயது நிரம்பாத பிள்ளை என்பதேயாகும். தன் நன்மை தீமையைத் தானே எண்ணித் துணியும் பருவம் வராதவர். ஆதலின், பிறர் வஞ்சனைக்கு இரையாகாதபடி சட்டமும் சமூகமும் காத்தற்குரியவர். ஆயின், நம் மக்கள் வழக்கில் "மைனர்" என்றவுடன் கண்முன் வந்து நிற்பவன் யார்? பட்டுச் சட்டையும், கழுத்தில் மைனர் சங்கிலியும், வாயில் தாம்பூலமும், கையில் அப்பன் தேடிய பணமுமாகப் பெண்வேட்டையாடித் திரியும் ஒரு காளை! காக்கப்படவேண்டியவரைக் குறிக்கவந்த சொல், எவனிடமிருந்து பிறரைக் காக்கவேண்டுமோ அவனுக்கே பட்டமாகிவிட்டது. இதனினும் விந்தையான பொருள் மாற்றம் உண்டோ?

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று வாசகர்கள் தள்ளிவிடலாகாது. ஒரு சமூகம் எந்தச் சொல்லை யாருக்குக் கொடுக்கிறது என்பதைக்கொண்டே, அது யாரிடம் இரக்கம் காட்டுகிறது, யாரைக் கைவிடுகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளை நம் இலக்கியம் என்ன பெயரிட்டு அழைத்திருக்கிறது, அப்பெயரால் விளைந்த நன்மை தீமை யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம். சென்னை மாகாணத்தில் 1804-ஆம் ஆண்டிலேயே "கோர்ட் ஆப் வார்ட்ஸ்" என்னும் ஏற்பாடு உண்டாயிற்று. ஜமீன்தார் இறந்து, வாரிசு சிறுவனாயிருந்தால், அவனுடைய நிலபுலன்களைச் சர்க்காரே மேற்பார்த்துக் காப்பாற்றி வயது வந்ததும் அவனிடம் ஒப்படைக்கும். இத்தகைய பிள்ளைகளுக்கென்றே சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற மாளிகையில் தனிப் படிப்பும் தனிப் பாதுகாப்பும் நடந்தன. 1875-ஆம் ஆண்டின் இந்திய மேஜர் வயதுச் சட்டம் பொதுவாக 18 வயது என்று வரையறுத்தது. கோர்ட் ஆப் வார்ட்ஸின் பொறுப்பிலிருந்தவர்களுக்கோ 21 வயது என்று நீட்டித்தது. இருபது வயதுக் காளையும் சட்டத்தின் கண்ணில் "மைனர்"தான். கையெழுத்திட்டு ஒரு காணி நிலத்தையும் விற்க அவனால் இயலாது. ஆனால் சொத்து வரும் என்ற நம்பிக்கையில் கடன் கொடுப்போர் பலர் இருந்தனர். அக்கடனில் அவன் ஆடிய ஆட்டமே "மைனர்" என்ற சொல்லுக்கு நம் தெருக்களில் புதுப்பொருள் தந்தது.

நிற்க, அதே காலத்தில் அதே சர்க்கார் பெண்பிள்ளைக்கு என்ன வயது வகுத்திருந்தது? 1860-ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் சட்டத்தில், தன் உடலைக் குறித்துச் சம்மதம் சொல்லும் தகுதி ஒரு பெண்ணுக்குப் பத்து வயதிலேயே வந்துவிடுவதாக எழுதப்பட்டிருந்தது. 1891-இல் அது பன்னிரண்டாயிற்று. 1925-இல், மணத்திற்குப் புறம்பே 14 என்றும், மணத்திற்குள்ளே 13 என்றும் ஆயிற்று. ஜமீன்தார் மகனுடைய ஒரு காணி நிலத்திற்கு 21 வயது வரையில் வேலி. ஏழை மகளுடைய உடலுக்குப் பத்து வயதில் வேலி திறப்பு! நிலத்தைக் காத்த சட்டம் குழந்தையைக் காக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னுமொன்று. அதே 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள், விபசாரத்தின் பொருட்டு 16 வயதுக்குட்பட்ட "மைனரை" விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று கூறின. 1924-இல் அவ்வயது 18 ஆக உயர்த்தப்பட்டது. அஃதாவது, விற்கப்படும் பிள்ளைக்கே அச்சொல் சட்டத்தில் உரிமையாக இருந்தது. சட்டப் புத்தகத்தில் அவளுக்குக் கிடைத்த பெயரை ஊர் அவளிடமிருந்து பிடுங்கி, அவளை வாங்க வந்தவனுக்குச் சூட்டியது. அவளுக்கு ஊர் தந்த பெயர்கள் வேறு. அவற்றை இங்கே எழுதவேண்டுவதில்லை, வாசகர்கள் அறிவார்கள்.

இந்த ஆராய்ச்சி கெமாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் வாசகர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தியக் குற்றவியல் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டதே 1871-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம். அதன் வழிவந்ததே இன்றைய மலேசியக் குற்றவியல் சட்டம். சட்டம் கப்பலேறி வந்ததுபோலவே சொல்லும் கப்பலேறி வந்தது. நம்மவர் மூட்டை முடிச்சுகளோடு இறங்கியபோது, "மைனர்" என்ற பட்டத்தையும், "கெட்டுப்போனவள்" என்ற வசவையும் கூடவே கொண்டுவந்தனர். கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு இடம் விட்டன. அச்சொற்கள் மட்டும் இன்னும் பெயரவில்லை.

இனி இலக்கியத்திற்கு வருவோம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புகழாத தமிழ்ப் புலவர் இல்லை. ஆடலும் பாடலும் யாழும் குழலும் அரங்கின் அளவும் அங்கே எவ்வளவு நுட்பமாகக் கூறப்பட்டுள்ளன என்று நூற்றாண்டுகளாக உரையெழுதி வந்திருக்கின்றனர். ஆனால் அரங்கேறிய மாதவிக்கு அப்போது என்ன வயது? ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அவள் சோழ மன்னன் முன் நின்றாள் என்று அந்நூலே கூறுகிறது. அரசன் அளித்த பச்சை மாலையின் விலை 1008 கழஞ்சு பொன். அம்மாலை ஒரு கூனியின் கையில் கொடுக்கப்பட்டு, செல்வ இளைஞர் உலாவும் வீதியில் விலை கூறப்படுகிறது. மாலையை வாங்குபவனுக்கே மாதவி. கோவலன் வாங்குகிறான். மாதவியை யாரும் எதுவும் கேட்டதாக நூலில் இல்லை.

இளங்கோவடிகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர் மறைக்காமல் வயதையும் விலையையும் இரண்டையும் எழுதி வைத்தார். குறை, அவ்விரண்டையும் படித்துவிட்டு அரங்கின் நீள அகலத்தை மட்டும் அளந்துகொண்டிருந்த நம்முடையது. யாழின் நரம்புகளை எண்ணிய உரையாசிரியர், சிறுமியின் வயதை எண்ணி ஒரு கணம் நிற்கவில்லை. இலக்கிய நயம் என்பது கண்ணைத் திறக்கவேண்டுமேயன்றி மூடலாகாது.

இதற்கு மறுமொழி தமிழில் எழவில்லையா எனில், எழுந்தது. அதன் பெயர் மணிமேகலை. மாதவி தன் மகளை அத்தொழிலுக்கு விடமாட்டேன் என்று மறுக்கிறாள். பாட்டி சித்திராபதியோ குலத்தொழிலைக் காட்டி வற்புறுத்துகிறாள். அப்போது மாதவி, மணிமேகலை கண்ணகியின் மகள் என்று அறிவிக்கிறாள். இவ்விடத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஒரு பிள்ளையைக் காப்பதற்கு அத்தாய் முதலில் செய்தது, அப்பிள்ளையின் பெயரை மாற்றியது. கணிகையின் மகள் என்றவரையில் இளவரசன் உதயகுமாரன் தேரேறி அவளைத் தேடி வரலாம். ஊரார் அதை இயல்பென்பர். கண்ணகியின் மகள் என்றால் அவ்வாறு வரவியலாது. பெயர் மாறினால் உரிமை மாறும் என்பதைச் சட்டம் படிக்காத அத்தாய் அறிந்திருந்தாள்.

ஆயினும், காப்பியம் அத்தோடு நின்றுவிடவில்லை. மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்குள் நுழைந்து, பசித்துக் கிடந்தோர்க்கு உணவளித்து, மன்னனிடம் கேட்டு அச்சிறையையே அறச்சாலையாக்குகிறாள். "சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை" என்ற பெயர் ஒன்றே போதும். உலக இலக்கியத்தில் சிறைச் சீர்திருத்தத்தை ஓர் இளம்பெண்ணின் வாயிலாகக் கேட்ட நூல்கள் மிகச் சிலவே இருக்கக்கூடும். ஆனால் அதனினும் முக்கியமானது பின்னே வருகிறது. உதயகுமாரன் காஞ்சனன் என்பவனால் வெட்டுண்டு மடிகிறான். கொன்றவன் வேறொருவன். இருந்தும் காவலில் வைக்கப்படுபவள் மணிமேகலை! அவள் செய்த குற்றம் என்ன? ஒருவன் அவளை விரும்பித் துரத்தினான் என்பதே. பிறகு அரசமாதேவி அவளைச் சிறையிலிருந்து விடுவித்து, அன்பு காட்டுவாள்போல் தன்னிடம் அழைத்துச் செல்கிறாள். அங்கே நடந்தவை, மருந்தூட்டி அறிவை மயக்க முயன்றதும், பணம் கொடுத்து ஓர் இளைஞனை ஏவியதும், நோயென்று பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்ததும் ஆகும்.

துன்புற்ற பிள்ளையைச் சிறையிடுதல். அடைக்கலம் என்ற பெயரால் மீண்டும் துன்புறுத்துதல். இவ்விரு பிழைகளையும் அத்துணைக் காலத்துக்கு முன்பே சாத்தனார் எழுதிவைத்தார். இவற்றை நாம் அற்புதக் கதையென்று படித்தோமேயன்றி, அறிவுரையென்று படிக்கவில்லை.

அடுத்து, நம் காலத்தை நெருங்கிய ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதி 1936-இல் வெளிவந்த நாவலின் பெயர் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". அம்மையார் தாமே சிறு வயதில் வறுமை காரணமாகப் பெற்றோரால் ஒரு தாசியிடம் ஒப்படைக்கப்பட்டவர். பத்து ரூபாயும் ஒரு பழம் புடவையுமே கைம்மாறு என்று அவர் வரலாற்றை எழுதுவோர் கூறுகின்றனர். மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன். இராமாமிர்தத்திற்குப் பத்து ரூபாய். காலம் செல்லச் செல்ல விலைதான் இறங்கியிருக்கிறது! அத்தகைய நிலையிலிருந்து வெளியேறி, 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தவர், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் பேசியவர், தாம் கண்டதையே நாவலாக்கினார் என்றால் அதன் உண்மையை ஐயுறுவோர் யார்?

அந்நூலின் துணிவை நாம் போற்றுகின்றோம். கோயிலின் பெயராலும் குலத்தின் பெயராலும் நடந்ததை, வியாபாரம் என்று வெளிப்படையாக எழுதிய கை அது. ஆயினும் விமர்சனம் என்பது போற்றுதலோடு முடிவதன்று. தலைப்பையே நோக்குக. வலை வீசுபவர்கள் தாசிகள்; வலையில் விழுந்து தப்பி மதிபெறுபவன் மைனர். அதாவது, இரை அவன், வேடர் அவர்கள். அம்மையார் இவ்வாறு எழுதியதற்குக் காரணம் உண்டு. நூலைப் படித்துத் திருந்தவேண்டியவன் பணக்கார ஆண்மகன். "உன் சொத்து போகும், குடும்பம் அழியும்" என்று அவன் பையைத் தொட்டுச் சொன்னால்தான் அவன் செவிசாய்ப்பான். பிரசாரத்திற்கு அது தக்க உபாயமே. ஆனால் அந்த உபாயத்தில் ஒரு நஷ்டமும் உண்டு. வலை வீசக் கற்றுக்கொடுக்கப்பட்ட தாசியும் ஒரு நாள் எட்டு வயதுச் சிறுமியாயிருந்தாள் என்பது பின்னே ஒதுங்கிவிடுகிறது. மைனருக்கு மதி கிடைத்தது. அச்சிறுமிக்கு என்ன கிடைத்தது?

அம்மையாரின் வாழ்க்கை இதற்கு விடை கூறியது. நாவல் முழுமையாகக் கூறவில்லை. வாழ்க்கை நாவலினும் பெரிதாயிருந்தது என்பதே நம் முடிவு.

அச்சிறுமிக்கு என்ன வேண்டும் என்பதற்கு விடை கூறியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார். 1927-இல் சென்னைச் சட்டசபையில் பொட்டுக்கட்டுவதை ஒழிக்கவேண்டுமென்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர். அம்முயற்சி முழுச் சட்டமாக நிறைவேற 1947 வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் இருபதாண்டு சட்டத்திற்காகக் காத்திருந்த அவர், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கவில்லை. புகலிடமின்றி வந்த பெண்பிள்ளைகளுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்து, அதிலிருந்து ஔவை இல்லத்தை உண்டாக்கினார். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது படிப்பும் தொழிற்பயிற்சியும். சட்டம் ஒரு கதவை அடைக்கும். மற்றொரு கதவை யாராவது திறந்தாலன்றி, பிள்ளை நடுத்தெருவில்தான் நிற்கும்.

கதவு என்றவுடன் நினைவுக்கு வருவது ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்". 1966-இல் வெளிவந்து தமிழகத்தையே இரண்டுபடுத்திய சிறுகதை அது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற ஓர் ஏழைக் கல்லூரி மாணவியைக் காரில் ஏற்றிச் செல்லும் பணக்கார இளைஞன் நம் பழைய "மைனர்" அன்றி வேறு யார்? அவள் வீடு திரும்பித் தாயிடம் அழுது கூறுகிறாள். தாய் முதலில் துடித்துக் கத்துகிறாள். பின் தன்னை அடக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தாரிடம் வேறு காரணம் கூறிவிட்டு, மகளின் தலையில் நீரை வார்த்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஆறுதல் கூறுகிறாள். அத்தாயை அன்று பலர் ஏசினர். ஆனால் ஆசிரியர் பின்னர் 1970-இல் எழுதிய "சில நேரங்களில் சில மனிதர்கள்" என்ற நாவலில், அதே தாய் அன்று அடக்கிக்கொள்ளாமல் ஊரறியக் கத்தியிருந்தால் என்னவாகும் என்று காட்டினார். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான்; அடைக்கலம் தந்த மாமனே காமக்கண் வைக்கிறான்; பெண்ணின் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு மாலைப்பொழுதின் நிழலில் கழிகிறது. நடந்த கொடுமை இரண்டிலும் ஒன்றே. வீட்டு வாசலில் முதல் ஒரு மணி நேரத்தில் பேசப்பட்ட சொற்கள்தாம் வேறு.

இவ்வளவு ஆழமாகக் கண்ட எழுத்தாளரிடத்தும் நமக்கு ஒரு வினா உண்டு. நீரால் கழுவப்படவேண்டிய அழுக்கு அப்பெண்ணிடம் என்ன இருந்தது? "நீ சுத்தமாகிவிட்டாய்" என்பது கருணை. "நீ அழுக்காகவே இல்லை" என்பது நீதி. தாயின் கருணை ஒரு பிள்ளையைக் காக்கும். நீதியோ, அடுத்த பிள்ளையையும் காக்கும். ஏனெனில் கருணை நீரை வார்த்துவிட்டு ரகசியம் பேணுகிறது. கார்க்காரன் அடுத்த மழைநாளில் வேறொரு பஸ் நிலையத்திற்குப் போகிறான்.

இனி நம் கெமாஸுக்குத் திரும்புவோம். நெகிரி செம்பிலானின் தென்கிழக்குக் கோடியில், ஜொகூர் எல்லையை ஒட்டிய இரயில் சந்திப்பு இது. கிழக்குக் கரைக்குச் செல்லும் பாதை இங்கே பிரிகிறது. இவ்வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய்த் தமிழர் பால்வெட்டினர். விடியுமுன் தாயும் தந்தையும் மரத்துக்குப் போக, கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில், பள்ளிப்பிள்ளை லயத்தில். கதவடுத்துக் கதவாக இருக்கும் லயத்தில் எல்லார்க்கும் எல்லாம் தெரியும்; ஆனால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின்னர், பல குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களிலும் மலிவு விலை வீடுகளிலும் சிதறின. பழைய கண்காணிப்பும் போயிற்று. பழைய வாய்மூடும் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்று மைனர் சங்கிலியோடு எவரும் வருவதில்லை. உறவினனாகவும், குடும்ப நண்பனாகவும், கைத்தொலைபேசியில் இனிக்கப் பேசும் முகந்தெரியாதவனாகவும் வருகிறான். ஆண்பிள்ளைகளும் அவனுக்குத் தப்புவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மலாயாவில் 1947-ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டம் குற்றம் புரிந்த பிள்ளைகளை ஒருபுறம் பார்த்தது. 1973-ஆம் ஆண்டின் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டம் விபசாரத்தில் தள்ளப்பட்டவர்களை மற்றொருபுறம் பார்த்தது. 1991-ஆம் ஆண்டின் பிள்ளைப் பாதுகாப்புச் சட்டம் கொடுமைக்குள்ளானவர்களை வேறொருபுறம் பார்த்தது. ஒரே பிள்ளை வீட்டில் கொடுமைக்குள்ளாகி, ஓடிப்போய், பசிக்குத் திருடி, கயவர் கையில் சிக்கினால் அவளுக்கு மூன்று பெயர்கள்! 2001-ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம் இம்மூன்றையும் ஒன்றாக்கி, 18 வயதுக்குட்பட்டவர் எவராயினும் "பிள்ளை" என்று வரையறுத்தது. இது நாம் முன்னர்க் கூறிய மாதவியின் செயலை ஒத்தது. பெயரை மாற்றி உரிமையைக் கொடுப்பது.

2007-இல் வந்த பிள்ளைச் சாட்சியச் சட்டம், குற்றவாளியின் முகத்தைப் பாராமலே திரை மறைவிலும் ஒளிபரப்பு வழியிலும் பிள்ளை சாட்சி சொல்ல வழிசெய்தது. 2017-ஆம் ஆண்டின் பிள்ளைகளுக்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று வேறுபாடு காட்டாமல், ஆசைகாட்டிப் பழக்கி வசப்படுத்துவதையே குற்றமாக்கியது. பிள்ளையின் சாட்சியத்திற்கு வேறு துணைச்சாட்சி இல்லையென்றாலும் நீதிமன்றம் தண்டிக்கலாம் என்றது. இக்குற்றங்களை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 5000 ரிங்கிட் வரை அபராதம் விதித்தது. லயத்தில் வாய்மூடியிருப்பது பெருந்தன்மையன்று, குற்றம் என்பதை வாசகர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டும். அதே ஆண்டில் புத்ரா ஜெயாவில் இவ்வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றமும் திறக்கப்பட்டது.

இவ்வளவிருந்தும், சாத்தனார் எழுப்பிய வினா தீர்ந்துவிடவில்லை. 2001-இல் இயற்றப்பட்ட வடிவில் அச்சட்டம், பாலியல் சுரண்டலுக்குள்ளான பிள்ளையைப் புகலிடம் ஒன்றில் மூன்றாண்டு வரை வைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது. அப்புகலிடம் சிறைக்கோட்டமா, அறக்கோட்டமா? வாயிற்கதவு பூட்டப்பட்டு, பள்ளியும் தாய்மொழியும் தோழியரும் இழந்து, செய்யாத குற்றத்துக்குக் காலம் எண்ணும் இடமாயின், அது மணிமேகலையின் காவல். படிப்பும், மருத்துவமும், மனத்தைத் தேற்றும் துணையும், திரும்பிப் போக ஒரு வீடும் தருமாயின், அது ஔவை இல்லம். சட்டத்தின் எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. நடத்துவோர் மனம்தான் வேறாக்கும். அவ்வாறே, குற்றம் புரிந்ததாக நீதிமன்றத்திற்கு வரும் தோட்டத்துச் சிறுவனிடம், "என்ன செய்தாய்?" என்று கேட்குமுன் "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கவேண்டும். பத்து வயதிலேயே குற்றப் பொறுப்புத் தொடங்கும் என்று கூறும் சட்டத்தின் கீழ், அவ்வொரு கேள்வியே பல பிள்ளைகளை ஹென்றி கர்னி பள்ளியின் வாசலிலிருந்து திருப்பக்கூடும்.

உலகில் பிறர் இதில் என்ன செய்திருக்கின்றனர் என்பதையும் சிறிது நோக்குவோம். நியூயார்க் மாநிலம் 2008-இல், விபசாரக் குற்றத்தில் பிடிபடும் பிள்ளைகளைக் குற்றவாளிகளாகக் கொள்ளாமல், உதவிக்குரியவர்களாகக் கொள்ளவேண்டுமென்று சட்டம் செய்தது. இங்கிலாந்து 2015-இல் செய்ததோ நம் கட்டுரைக்கு மிகப் பொருத்தமானது. "விபசாரச் சிறார்" என்ற பொருள்படும் சொற்களைத் தன் பாலியல் குற்றச் சட்டத்திலிருந்தே நீக்கி, "பிள்ளைகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குதல்" என்று திருத்தியது. பிள்ளை என்ற சொல்லும் விபசாரம் என்ற சொல்லும் அடுத்தடுத்து நிற்கலாகாது என்பதை ஒரு நாட்டின் பாராளுமன்றமே உணர்ந்து எழுத்தை மாற்றியதென்றால், சொல்லைப்பற்றிக் கவலைப்படுவது புலவர் வேலை மட்டுமென்று இனி யார் கூறுவர்?

நம்மிடையே இரண்டு வாதங்கள் அடிக்கடி கிளப்பப்படுகின்றன. ஒன்று, "அவளே விரும்பித்தானே போனாள்" என்பது. 16 வயதுக்குட்பட்ட பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், மலேசியக் குற்றவியல் சட்டப்படி கற்பழிப்பே. அவள் விருப்பம் என்பது அங்கே கேள்வியே அன்று. இரண்டாவது, "கட்டிவைத்துவிட்டால் மானம் தப்பும்" என்பது. யாருடைய மானம்? பதினான்கு வயதுப் பிள்ளையைக் கெடுத்தவனுக்கே அவளை வாழ்நாள் முழுவதும் பரிசாக அளிப்பது மானமாகுமா? 1976-ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டத்தின்படி 16 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணப் பதிவே இயலாது. கோயிலில் கட்டிய தாலி குற்றத்தை மறைக்கும் திரையன்று. தோட்டத்துப் பெரியவர்கள் கூடி முடித்துவைத்த பேச்சும் நீதிமன்றத் தீர்ப்பன்று.

இங்கே "கற்பழிப்பு" என்று நாமே எழுதினோம். ஏனெனில் வாசகர்களுக்குப் பழகிய சொல் அது. ஆனால் அச்சொல்லும் விசாரணைக்குரியதே. கற்பு அழிந்தது என்றால் இழந்தவள் அவள். அழித்தவனுக்கு ஒன்றும் குறையவில்லை என்றாகிறது. "பாலியல் வன்கொடுமை" என்றால் கொடியவன் எதிரே வந்து நிற்கிறான். நம் எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் இனி இரண்டாவதையே எழுதுவார்களாக. அவ்வாறே தோட்டத்துக் கதை எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள். கெடுக்கப்பட்ட பெண் கிணற்றிலோ, இரயில் தண்டவாளத்திலோ உயிர்விட்டால்தான் கதை முடியும் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அம்முடிவைப் படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, தனக்கும் அதுவே வழியென்று எண்ணிவிடக்கூடும். அவள் பிழைத்திருந்து, படித்து, வேலைக்குப் போய், நாற்பது வயதில் தன் மகளோடு சந்தைக்குப் போகும் கதையை எழுதுங்கள். அதுவும் உலகில் நடப்பதுதான்.

படிப்போர் செய்யவேண்டியதும் உண்டு. தம்பினிலும், எல்லை தாண்டிச் சிகாமட்டிலும் அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் தாலியான் காசே தொலைபேசி 15999 இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் நிர்வாகிகள், மாதர் சங்கத்தினர் ஆகியோர் இவற்றை அறிந்து, பிள்ளைகளுக்கு அறிவிக்கவேண்டும். தமிழில் மட்டுமே தன் துயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அதைத் தமிழில் கேட்கத் தெரிந்த நலன் அலுவலர் ஒருவர் வேண்டும். இதனைக் கேட்டுப் பெறுவது நம் சங்கங்களின் கடமை. எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்பவேண்டும். ஏன் போனாய், எதற்கு நின்றாய், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்னும் மூன்று கேள்விகளையும் நாவிலேயே அடக்கிக்கொள்ளவேண்டும்.

சொத்துள்ளவன் பிள்ளைக்கு 21 வயது வரையில் காவல் நின்ற உலகம், சொத்தில்லாதவள் பிள்ளைக்கு 18 வயது வரையிலாவது காவல் நிற்கட்டும். "மைனர்" என்ற சொல்லைச் சங்கிலி போட்டவன் கழுத்திலிருந்து கழற்றி, அதற்கு உரியவளிடம் திருப்பிக் கொடுப்போம். அச்சொல் அவளுக்கு இழிவன்று. நம்மிடம் அவளுக்குள்ள கடன்பத்திரம்.